இரண்டாம் சரணத்துக்குப் பிறகு யாரும் வாசிக்கக் கூடாது

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வயிற்றுத் தையல் ஆறிவருகிறதா? சிரித்தால் பிரிந்துவிடும் என்று அத்தை பயப்படுவதால் இதை மெதுவாகப் படிக்கவும். இங்கே எல்லோரும் நலம், என் பாட்டைத் தவிர.

நீங்கள் படுத்துவிட்டதால் பாட்டை நானே இசைக்குழுவுக்குச் சொல்லித்தர வேண்டியதாயிற்று. பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் சரணம் வரை பாடியே காட்டிவிட்டேன், பேச வேண்டியிருக்கவில்லை. வம்பு அதற்குப் பிறகுதான். அங்கே ஒரு தாளச் சுற்று முழுக்க யாரும் வாசிக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும், பாட்டில் வரும் அம்மா அடுப்படியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற இடம் அது, அது இல்லையென்றால் எனக்கு அந்தப் பாட்டே வேண்டாம். ஆனால் சும்மா இருப்பதை எப்படிப் பாடிக் காட்டுவது? நான் நிறுத்தியதும், பாவம் வரியை மறந்துவிட்டாள் என்று டிரம்ஸ் அண்ணன் உருட்டத் தொடங்கினார், கீபோர்டு அக்கா பல்லவியை எடுத்துக்கொடுத்தார், கிட்டார் அண்ணன் அடுத்த வரியை உதட்டசைத்துக் காட்டினார். உதட்டில் விரல் வைத்துப் பார்த்தேன், தொண்டை வலியாக்கும் என்று வெந்நீர் வந்தது. கையைத் தூக்கித் தடுத்தேன், குளிருகிறதாக்கும் என்று மின்விசிறியைக் குறைத்தார்கள். "பயப்படாத கண்ணு, நீ தடுமாறினா நாங்க தாங்கிப் பிடிச்சுக்குவோம்" என்றார் டிரம்ஸ் அண்ணன். இவ்வளவு நல்லவர்களிடம் சும்மா இருங்கள் என்று எப்படி மாமா சொல்வது? பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான், டீச்சர் கேட்டதற்கு நான் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவள் எனக்காகச் சொல்லிவிடுவாள், அப்படியே என் படிப்பும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. நாற்காலியோடு தூக்கிவரச் சொல்லியாவது வந்து, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் விழுங்கி நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

பி.கு.: மாமா, வர வேண்டாம். இதை அஞ்சலில் போடுவதற்குள் ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் டிரம்ஸ் அண்ணன் குச்சியைத் தூக்கியதும் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "அண்ணே, அங்க யாரும் வாசிக்காதீங்க. அந்த அம்மா பதிலுக்குக் காத்துட்டிருக்காங்க."

அவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "இத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார். அடுத்த தடவை மூன்று பேரும் மூச்சுகூட விடாமல் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள். எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததே இல்லை மாமா. சந்தோஷம் தாங்காமல், அந்த அமைதியின் நட்டநடுவில் நான் சிரித்துவிட்டேன். திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைக் கெடுப்பது இப்போது நான்தான்.