சிரிக்காத சுல்தான்

பெரம்பலூர் ஜில்லாவில் நான்கு வருஷம் சிரிக்காமலே உயிர் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் சுல்தான்தான். வேண்டுமானால் பந்தயம் கட்டுகிறேன்.

தொண்ணூற்றாறில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி மூன்று பேர் குரூப் டூ பரீட்சைக்குப் படித்தோம். நான், முருகேசன், பின்னால் எங்களுக்குச் சுல்தானாகிவிட்ட வேப்பந்தட்டைக்காரர். ஆளுக்கொரு பாடம் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. வரலாறு அவருக்குப் போனது. எங்கள் தலையெழுத்து, டெல்லியை ஆண்ட துருக்கிய சுல்தான் பால்பன் வந்ததும் மனிதர் அந்தப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்.

அடிமையாக விற்கப்பட்டு, தண்ணீர் சுமந்து, கடைசியில் சிம்மாசனம் ஏறியவராம் பால்பன். தர்பாரில் சிரித்ததே கிடையாதாம். மகன் போரில் செத்தபோதுகூட சபையில் கல்லாக உட்கார்ந்திருந்து, தனியறையில்தான் அழுதாராம்.

"வேல கெடைக்கிற வரைக்கும் நானும் சிரிக்க மாட்டேன்யா" என்றார்.

சொன்னதோடு விட்டாரா? காலை ஆறு முதல் பத்து வரை எங்கள் அறை தர்பார். சிரித்தவன் அன்றைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். அறையின் நிலைப்படி குட்டை. யார் வந்தாலும் குனிந்துதான் நுழைய முடியும். அதைத் தனக்கு வைத்த வணக்கமாக ஏற்றுக்கொண்டு தலையசைப்பார், பாவி! மூட்டைப்பூச்சிகளுக்கு 'நாற்பதின்மர்' என்று பெயர். பால்பன் ஒழித்துக்கட்டிய பிரபுக்கள் கூட்டமாம் அது. கட்டிலில் வெந்நீர் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டீக்கடை மாஸ்டர் அவருடைய ஒற்றர். நான் மேட்னி போனால் இடைவேளைக்குள் தகவல் வந்துவிடும்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. திருமானூரில் மாமா மகள் செல்வி. இவர் இரண்டு தடவை தோற்றும் காத்திருந்தாள். மூன்றாம் தடவைக்கு முன்னால் மாமாவே அரியலூரில் பஸ் மாறி வந்து, குனியாமல் நுழைந்து, நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"மாப்ள, இந்தத் தடவ தேறலன்னா தை மாசம் வேற எடம் பாத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

சுல்தான் முகம் அசையவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

நானும் முருகேசனும் எழுத்துத் தேர்விலேயே மண்ணைக் கவ்வினோம். அவர் நேர்முகத் தேர்வு வரை போனார். திரும்பி வந்தபோது பேயறைந்தாற்போல் இருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"ஆபீஸ எப்படி நிர்வாகம் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. பால்பன் மாதிரின்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"நீங்க?"

"தர்பார்ல சிரிக்கக் கூடாதுங்க சார்னுட்டேன்யா! வாயில வந்துருச்சு."

"கெடுத்தீங்களே குடிய!" என்று முருகேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

அதன்பின் அறை இழவு வீடாகிவிட்டது. செல்வியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஒரு காலையில் பேப்பரில் முடிவு வந்தது. என் கண்ணை நானே நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன். அவர் நம்பர் இருந்தது!

சுல்தான் பேப்பரை வாங்கிப் பார்த்தார். அதே கல் முகம். "திருமானூருக்கு ஒரு போன் போட்டுடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாளியோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது. குக்கென்று தொடங்கி, விக்கி, இருமி, மறுபடி சிரித்தார். வெளியே நின்ற எங்களுக்கு, அப்பாடா, நாங்களே பாஸானதுபோல் இருந்தது.

"அண்ணே, தண்ணி வீணாப் போவுது" என்று கத்தப் போனான் முருகேசன். அவன் வாயைப் பொத்தினேன். நான்கு வருஷச் சிரிப்பு அது. மனுஷன் நிதானமாகச் சிரித்து முடிக்கட்டும், தண்ணீரை நான் சுமக்கிறேன்.