நாலு புள்ளி முத்திரை

உயிரே போனாலும் முன்னறையை விட்டுத்தரமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை சபதம் செய்தேன். சபதம் செய்யும்போது படுத்திருந்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதான். எனக்குத் தண்ணீர் பம்ப் நிலையத்தில் ராத்திரி முழுக்க மோட்டாருக்குத் துணையிருக்கும் உத்தியோகம். பகலில்தான் தூக்கம். ஆகவே ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் கறுப்புத் துணியை ஆணியடித்து, ஒன்பது வருஷமாக அந்த அறையை இருட்டாகவே பராமரித்து வந்தேன். சாயங்காலம் எழுந்ததும் மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு ஆராய்ச்சியில் உட்காருவேன்.

ஆராய்ச்சி என்றால், பழைய தபால் கார்டுகள். பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்குவேன். யாரோ யாருக்கோ எழுதியவை. பதினோரு பெட்டி சேர்ந்திருந்தது, கிழக்குச் சுவரோரம் கூரை வரைக்கும். ‘குடை வந்து சேர்ந்தது. மாமா வரவில்லை’ என்று ஒரு கார்டு. அதைப் பற்றி நாலு மாதம் யோசித்தேன். மாமா மழையில் கிளம்பியிருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தேன். ஒரு பல் டாக்டர் இரண்டு ஊரில் இருந்த இரண்டு மாமியார்களுக்கு ஒரே நாளில் ஒரே வாசகத்தை எழுதியிருந்தார். ‘இங்கே வேலை அதிகம், வர இயலாது.’ அந்த மனிதரை நினைத்து நான் மோட்டார் பக்கத்தில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு யாரும் ஒரு கார்டுகூட எழுதியதில்லை. இந்தக் கிறுக்குக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவள் தையல் மெஷின் நடைவழியில், அழுது வடியும் ஒரு பல்புக்குக் கீழே இருந்தது.

“நீலத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுட்டேன். இருபது சட்டை. மொத்தத்தையும் பிரிக்கணும்” என்றாள்.

“கண்ணாடியை மாத்து.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெளிச்சம்தான் இல்ல. முன்னறையைக் குடுங்க.”

“அது ஆராய்ச்சிக்கூடம்.”

“யாரோ வீட்டுக் குடையைத் துப்புத் துலக்க ஒரு ரூமா?”

“சரித்திரம் உனக்குப் புரியாது.”

“சரி” என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ‘சரி’ என்றது அதுதான் முதல் தடவை. நான் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை பேப்பர் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, “சார், இந்தக் கட்டு உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்” என்றார். வீட்டுக்கு வந்து மஞ்சள் பல்பின் கீழ் பிரித்தேன். மூன்றாவது கார்டில் எங்கள் வீட்டு முகவரி! நாற்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

‘அந்தப் பொருளை முன்னறையின் கிழக்குச் சுவரோரம் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.’

கையெழுத்து குண்டுகுண்டாக இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்து முடிவு கட்டினேன். எழுதியவர் ஆண். வயது அறுபது. பரம்பரைப் பணக்காரர். எழுத்துகள் மேலேறிப் போவதால் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார். ஆகவே மூலநோய்.

முத்திரைதான் விசேஷம். ஊர்ப் பெயர் கிடையாது. ஒரு வட்டம், நடுவில் நாலு புள்ளி.

“நாலு ரயில் மாறி வந்த தபால்னு அர்த்தம். இதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்குத் தெரியாது” என்று, மூலநோய் உட்பட எல்லாவற்றையும் மனைவிக்கு விளக்கினேன்.

“அடேங்கப்பா! எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!”

அந்த ஒரு வார்த்தையில் நான் பாகாய் உருகினேன். அன்றைக்கே பதினோரு பெட்டியையும் தூக்கி நடைவழியில் அடுக்கினேன். சுவரோரம் ஒரு செத்த பல்லிதான் இருந்தது.

அடுத்த வாரம் வாங்கிய கட்டுக்குள் இரண்டாவது கார்டு. அதே கையெழுத்து, அதே நாலு புள்ளி. ‘தரையில் வைத்தால் ஈரம் படும் என்று சுவருக்குள் வைத்துவிட்டேன். எந்தச் சுவர் என்பது மறந்துவிட்டது. நீயே சுரண்டிப் பார்த்துக்கொள்.’

மறதியும் உண்டு என்று குறித்துக்கொண்டேன். மூன்று பகல் தூங்காமல் நாலு சுவரையும் சுரண்டினேன். பழைய சுண்ணாம்பு பொரிபொரியாக உதிர்ந்து தலையெல்லாம் வெள்ளை. பொருளைக் காணோம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஐயய்யோ! ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் வர்றாராமே. சுவரு இப்படிச் சொறி பிடிச்ச மாதிரி இருந்தா காலி பண்ணச் சொல்லிடுவாருங்க!”

“இப்ப என்ன பண்றது?”

“எனக்கென்னங்க தெரியும்? ரெண்டு கோட்டிங் வெள்ளையடிச்சா மறைஞ்சிடும்னு நினைக்கிறேன். பிரஷ்ஷு பரண்ல இருக்கு. பெயிண்டு டப்பாவும் இருக்கு.”

பெயிண்ட் டப்பா அங்கே எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடித்தேன். வீட்டுக்காரர் வரவில்லை. மூன்றாவது கார்டுதான் வந்தது.

‘ஜன்னல் துணியைக் கழற்றி, கதவை முழுக்கத் திற. காலை பத்து மணி வெயில் தரையில் எங்கே விழுகிறதோ, அங்கே போய் நில்.’

நின்றேன். ஒன்பது வருஷம் கழித்துப் பகல் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கண் கூசியது. கையிலிருந்த கார்டைக் குனிந்து பார்த்தேன். நாற்பது வருஷத்துப் பழுப்பு என்று நான் நினைத்தது டீக்கறை. ஓரத்தில் ஒரு டீத்தூள்கூட ஒட்டியிருந்தது. மை பளபளவென்று நீலமாக இருந்தது. அந்த முத்திரை, சீருடைச் சட்டையின் பட்டன். நூல் கோக்க நாலு ஓட்டை.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. மனைவி ஒரு பக்கம், பேப்பர் கடைக்காரர் ஒரு பக்கம் பிடித்துத் தையல் மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“கொஞ்சம் நகருங்க. நீங்க நிக்கிற இடத்துலதான் மெஷின்.”

“இந்தக் கையெழுத்து யாரோடது?” என்று கேட்டேன்.

“என்னோடதுதான்.”

“எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“ஊர்ல இருக்கறவங்க கையெழுத்தெல்லாம் பார்த்தீங்க. பதினெட்டு வருஷத்துல என் கையெழுத்தை என்னைக்குப் பார்த்தீங்க?”

கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

“அப்ப நான் எங்கே தூங்கறது?”

“நடைவழியில. உங்களுக்கு இருட்டுதானே வேணும்? அங்கே நிறைய இருக்கு. மூலநோய்க்காரர் பெட்டிங்களும் பக்கத்துலயே இருக்கும்.”

அன்றிலிருந்து பெட்டிகளுக்கு நடுவில்தான் படுக்கிறேன். மூன்று கார்டையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். என்ன இருந்தாலும் என்னை நினைத்து எழுதியவை.

நேற்று தலையணைக்கு அடியில் நாலாவது கார்டு வந்தது. டீக்கறை இல்லை, முத்திரை இல்லை. இரண்டே வார்த்தை: ‘சமையலறைச் சுவர்.’

சுரண்டப் போகிறேன்.