மாமனாருக்குப் போட்ட பெரிய படிவம்

மரியாதை கொடுத்துக் கெட்டவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால் அதில் என் பெயர் கட்டாயம் இருக்கும். அதிலும் கம்ப்யூட்டரில் மரியாதை கொடுத்துக் கெட்டவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவில் எனக்கு வேலை. டாக்டர்கள் எழுதித் தரும் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். (வெளியே யாராவது கேட்டால் ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்’ என்பேன். உடனே கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். வெட்கமில்லாமல் பார்த்தும் இருக்கிறேன்.) அந்தச் சமயத்தில்தான், எல்லா ஊர் ஆஸ்பத்திரிக் குறிப்புகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று புது மென்பொருள் வந்தது. எங்கள் பிரிவின் தலைவி, சேலத்துக்காரரான சுபைதா மேடம், ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்.

“கத்தி வெச்சு அறுத்துத் தையல் போட்டா அது ஆபரேசன் நோட். குழாய் விட்டுப் பாத்தா, ஊசி குத்தி நீர் எடுத்தா அது புரொசீஜர் நோட். ரெண்டையும் மாத்திப் போட்டீங்கன்னா, நாளைக்கு வேற ஊரு டாக்டர் இல்லாத தழும்பைத் தேடிக்கிட்டு இருப்பாரு. புரிஞ்சுதா?”

எல்லோருக்கும் புரிந்ததாம். நான் அப்போது மாடிப்படியில் நின்று கோமதியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கோமதி பரமத்தி வேலூர்ப் பெண். எங்களுக்குப் பேசி முடித்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாளும் குறித்திருந்தார்கள். (‘அப்புறம்?’ ‘நீங்கதான் சொல்லோணும்.’ முக்கால் மணி நேரம் இதையேதான் பேசினோம்.)

மறு வாரம் கோமதியின் அப்பா நல்லசாமி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வாழைத் தோட்டத்துக்காரர். பேச்சு குறைவு, மீசை அதிகம்.

“மாப்ள, ஒரு மாசமா நெஞ்சு கரிக்குதுங்க. என்னன்னு பாத்துருங்க. ஊட்ல மட்டும் தெரிய வேண்டாம், ஊரையே கூட்டிருவாங்க. மருந்தடிக்கிற மிசினுக்கு வாசர் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்துருக்கறேன்.”

மாமனாராகப் போகிறவர் என்னை நம்பிக் கேட்ட முதல் உதவி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஓடிப்போய்ச் சீட்டு எழுதினேன். போன் நம்பர் கேட்ட இடத்தில், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த அவர் வீட்டு நம்பரை, அதாவது மாமியார் கையில் இருக்கும் போனின் நம்பரை எழுதினேன். டாக்டர் மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, காரத்தைக் குறைக்கவும் என்று அரைப் பக்கம் எழுதித் தந்தார். மாமா மயக்கம் தெளியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். புரொசீஜர் படிவம் சின்னது, பார்க்கவே ஏழ்மையாக இருந்தது. ஆபரேசன் படிவமோ பக்கம் பக்கமாக, கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. சம்பந்தி வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைக்கிற ஊரில் பிறந்தவன், மாமனாருக்குச் சின்னப் படிவமா போடுவேன்? பெரியதைத் திறந்தேன். ‘கீறல்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியவில்லை. காலியாக விட்டால் மரியாதையாகவும் இருக்காது என்று, ‘நன்றாக உள்ளது’ என்று போட்டுச் சேமித்தேன்.

மென்பொருள் தன் கடமையைச் செய்தது. ‘உங்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பு பதிவாகிவிட்டது. விரைவில் நலம் பெற வாழ்த்துகள்’ என்று மாமியாரின் போனுக்கு ஒரு செய்தி போனது.

ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் மாமியாரின் அழுகை இறங்கியது. அடுத்து மாமியார், அடுத்துக் கோமதியின் சித்தப்பா, அவர் தோளில் ஒரு பூவன் தார், பின்னாலேயே ஆரஞ்சும் ரொட்டியும் இளநீருமாக ஒரு கூட்டம்.

“வாசர் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு, வகுத்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்துருக்கறீங்களே!”

மாமா திடுக்கிட்டு எழுந்தார். “கிழிச்சுட்டாங்களா?”

சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, “இப்பெல்லாம் தையலே தெரியாதுங்ணா, உள்ளுக்குள்ளயே ஒட்டிருவாங்க” என்றார். மாமா திரும்பிப் படுத்து முதுகையும் காட்டினார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

“மாப்ள, என்னத்த எடுத்தீங்க?”

நான் விளக்கம் சொல்வதற்குள் சித்தப்பாவின் குரல் மாறியது. “நமக்குத் தெரியாம ஆபரேசன் பண்ணி ஒளிச்சு வெச்சுருக்கறாரு. நாளைக்கு நம்ம புள்ளைகிட்ட என்னென்னத்த ஒளிப்பாரோ. உப்புச் சக்கரை இப்பத்திக்கு வேண்டாமுங்க.”

கூட்டம் தலையாட்டியது. மாமியாரும் ஆட்டினார். கோமதி கைநழுவிப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுபைதா மேடம் கையில் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார்.

“எந்தப் புண்ணியவான் இதை ஏத்துனது? கீறல், நன்றாக உள்ளது. எந்தக் கீறலுங்க?”

பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினேன். “நான்தானுங்க. மாமாவுக்குக் கத்தியே வெக்கலீங்க, குழாய் உட்டுத்தான் பாத்தாங்க. சின்னதா போட வேண்டியதை மரியாதைக்குப் பெருசாப் போட்டுட்டேனுங்க.”

“வகுப்புல சொன்னப்ப எங்க இருந்தீங்க?”

“கோமதிகிட்டப் போன்ல பேசிட்டு இருந்தேனுங்க.”

மாமியார் கண்ணைத் துடைத்தபடியே, “நம்ம புள்ளைகிட்டயா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மாமாவின் வயிறும் குலுங்கியது.

“உப்புச் சக்கரை சொன்ன நாள்லயே நடக்கட்டும். பையனுக்கு மரியாதை தெரிஞ்சிருக்குது. ஆனா மாப்ள, இனிமே எனக்குச் சின்னதே போதுமுங்க.”

பூவன் தாரை ரெக்கார்டு பிரிவு தின்று தீர்த்தது. சுபைதா மேடம் ஒரு மாதம் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் முள் எடுத்தாலும் நகம் வெட்டினாலும், “மாப்ள, இது ஆபரேசனா, புரொசீஜரா?” என்று கேட்காமல் செய்வதில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது ஆசாரியிடமே கேட்டார்கள்.

போன வருடம் எனக்கு நிஜமாகவே குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு தையல். கோமதி ஊருக்குப் போன் செய்தாள். வேன் சத்தம் கேட்கிறதா என்று இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சு குவிந்தது. மூன்றாம் நாள் மாமா மட்டும் தனியாக வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். எனக்குத்தான் ஏதோ வாங்கி வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

“மிசினுக்கு வாசருங்க. வாங்க வந்தேன், அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. கோமதி ஆபரேசன்னுதான் சொல்லுச்சு. மாப்ள ஆஸ்பத்திரியில ஆபரேசன்னா குழாய் உட்டுருப்பாங்கன்னு ஒருத்தரும் கெளம்பலீங்க.”

ரோஷத்தோடு சட்டையைத் தூக்கிக் காட்டினேன். மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்தார்.

“கீறல் நன்றாக உள்ளதுங்க மாப்ள” என்றார்.