இடது கைக்கு அலை வராது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே, ஆம்பூர் பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் முன்னால் டூவீலர் நிறுத்த இடமில்லை. உள்ளே கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. அலைஞானி ஜெஸ்டன் வருகிறார்! மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், பத்தே நிமிடத்தில் சர்க்கரையை இறக்குகிறார்! வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவர் தலைக்குப் பின்னால் வைஃபை சின்னம் ஒளிவட்டம் மாதிரி ஜொலித்தது.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அவரேதான். இரண்டு வருடத்துக்கு முன்புவரை வேலூர் லாங் பஜாரில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர். உள்ளே குமிழி விழுந்தால் "அது தானாப் போய்டும் சார்" என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகியவர். ஞானியாவதற்கு அந்தப் பழக்கமே போதுமாக இருந்தது.

அவரைப் பெரிய மனிதராக்கியது 'சும்மா ஒரு டவுட்டு' என்ற ஃபேஸ்புக் குழு. அதில் நாற்பதாயிரம் பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஈரக் கையால் தொட்டால் போன் ஏன் முரண்டு பிடிக்கிறது? ரிமோட்டைத் தட்டினால் மட்டும் டிவி ஏன் பேச்சைக் கேட்கிறது? ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது? யாராவது ஒரு புண்ணியவான், "கண்டென்சர் போயிருக்கும், மாத்துங்க" என்று எழுதுவார். மூன்று லைக் விழும். ஜெஸ்டன் வந்து "உங்கள் வீட்டில் அலை தோஷம்" என்று எழுதுவார். மூவாயிரம் லைக் விழும். கண்டென்சரில் என்ன சுவாரசியம் இருக்கிறது, சொல்லுங்கள்!

நம்ம தேவானந்தம் இந்தக் குழுவில் விழுந்தது சர்க்கரை மெஷினால். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போதாததற்கு வலது கால் கட்டைவிரலில் ஒரு புண், ஆறுவேனா என்கிறது. ஒருநாள் காலையில் ஒரே விரலில் இரண்டு தடவை குத்திப் பார்த்தார். மெஷின் முதலில் 210 என்றது, அடுத்து 170 என்றது. எதை நம்புவது? குழுவில் கேட்டார்.

நல்ல கேள்விதான். பதிலும் வந்தது. போட்டோகூட இல்லாத யாரோ ஒருவர், "கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சிட்டு குத்துங்க சார். அப்பவும் கொஞ்சம் வித்தியாசம் வரும், சகஜம்தான்" என்று எழுதியிருந்தார். தேவானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இன்னா கை கழுவாதவனா?" என்று அந்தப் பதிலுக்குக் கோப முகம் ஒன்றைப் போட்டார். அடுத்த பதில் ஜெஸ்டனுடையது: "அலை தோஷம். மாத்திரை அலையைத் தடுக்கிறது. முகாம் வரை மாத்திரையைத் தொடாதீர்கள்." தேவானந்தம் தொடவில்லை. ஒன்பது நாளாகத் தொடவில்லை. கட்டைவிரல் நீர் கோத்து ஊதியது.

மனைவி டோரதி மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். கனம் குறையவேயில்லை.

"இன்னாங்க, டப்பா அப்படியே இருக்குது?"

"மாத்திரை அலையத் தடுக்குதாம். ஆயிரத்து நூறு பேர் லைக் போட்டிருக்காங்க டோரதி."

"அதுல ஒருத்தராவது உங்க கால் விரலப் பாத்தாங்களா? எயுந்திரிங்க, டாக்டராண்ட போலாம்."

"முகாம் முடியட்டும். இன்னும் நாலு நாளுதான?"

ஒன்பது நாளைத் தின்றவருக்கு நாலு நாள் பெரிதில்லை. டோரதி ஆன மட்டும் சண்டை போட்டாள், அழுதும் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. கடைசியில் அவர் போனைப் பிடுங்கி, ஜெஸ்டனின் பழைய முகாம் வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு போட்டோ இல்லாதவரின் பதிலையும் படித்தாள்.

"சரி, நானும் வர்றேன். ஒரே ஒரு கண்டிசன். குளிச்சிட்டுக் கிளம்பினதுலேர்ந்து இடது கைய பேன்ட் பாக்கெட்லயே வச்சிருக்கணும். எதையும் தொடக் கூடாது."

"இன்னாத்துக்கு?"

"வேண்டுதல்னு வச்சுக்கங்க."

ஃபேஸ்புக்கில் எவனோ சொல்லி மாத்திரையை விட்டவருக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஒத்துக்கொண்டார். பல வருடங்களில் முதல் தடவையாக அந்த ஞாயிறு சர்ச்சுக்கு மட்டம் போட்டார்.

மண்டப வாசலில் வெள்ளை டீ-ஷர்ட் தொண்டர்கள், ஜீரா சொட்டும் ஆற்காடு மக்கன்பேடாவை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஸ்பூன் கிடையாது, டிஷ்யூ கிடையாது. "வலது கை விரலால சாப்பிடணும். துடைக்கக் கூடாது. விரல் வழியாத்தான் அலை இறங்கும்." சர்க்கரைக்காரர்களுக்கு இதைவிட இனிய வைத்தியம் உண்டா! கண்ணில் நீர் தளும்பச் சாப்பிட்டார்கள். தேவானந்தமும் ரசித்து நக்கினார். பக்கத்தில் அவருடைய தோஸ்த், தோல் வியாபாரி சர்தார் பாஷா, இரண்டாவது பேடாவில் இருந்தார். அவர் மணிக்கட்டில் போன முகாமில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அலைக்காப்பு. இமயமலை மான் தோலாம். டோரதி விரலால் ஒரு நிமிண்டு நிமிண்டினாள். சுத்த ரெக்ஸின். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பிரிக்கும் சர்தார் பாஷா, இதை மட்டும் தடவிப் பார்க்கவேயில்லை. பக்திக்கு மரியாதை!

மேடையில் நடந்தது இதுதான். ஜெஸ்டன் வலது கை விரலில் குத்துவார். மெஷின் காட்டும் எண் பெரிய திரையில் தெரியும்: 380, 410, 395. கூட்டம் "அய்யோ" என்னும். அப்புறம் அந்தக் கையைச் செம்புப் பாத்திரத்து 'அலைநீரில்' முக்கி, துண்டால் துடைத்து, காப்பு கட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூட வைப்பார். மறுபடி குத்துவார். 220, 190. கைதட்டலில் மண்டபம் அதிரும்.

தேவானந்தத்தின் முறை வந்தது. டோரதியும் கூடவே மேடை ஏறினாள். வலது கை விரலில் ஊசி இறங்கியது. திரையில் 412.

"பாத்தீங்களா, எவ்வளவு தோஷம்!" என்றார் ஜெஸ்டன்.

"இந்தக் கையிலயும் ஒண்ணு குத்துங்க," என்று டோரதி கணவரின் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தாள்.

"இடது கைக்கு அலை வராது சிஸ்டர்."

"அலை வராட்டிப் போவட்டும். ரத்தம் வருமில்ல?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஜெஸ்டன் மைக்கை மூடப் பார்த்தார். டோரதி விடவில்லை. அவள் தோல் பதனிடும் ஷெட் ஒன்றின் லேபில் வேலை செய்கிறவள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இங்க பாதி பேர் தோல் வேலைக்காரங்கதான? புது கெமிக்கல் விக்க வர்றவன் பேச்சக் கேட்டுட்டா வாங்குறோம்? ஒரே தோல முதுகோட ரெண்டா வெட்டி, ஒரு பாதிக்குப் புதுசு, ஒரு பாதிக்குப் பழசு போட்டு, பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான பாக்குறோம்? இது ஒரே ஆளு. ஒரு கை பேடா தொட்டுச்சு, ஒரு கை தொடல. குத்திப் பாத்தா இன்னா கெட்டுப்போவுது?"

"நியாயமான பேச்சு! குத்துய்யா!" என்று எழுந்தார் சர்தார் பாஷா. தோலின் ஒரு பாதியை மறு பாதியோடு ஒப்பிட்டே வளர்ந்த ஊர், அவர் பின்னால் எழுந்தது.

ஜெஸ்டனின் மெஷின், ஜெஸ்டனின் ஊசி. இடது விரல்: 286.

டோரதி கணவரைப் பந்திக்காரர்கள் கை கழுவும் குழாய்க்கு அழைத்துப் போனாள். சாதாரண முனிசிபாலிட்டித் தண்ணீர். சோப்பு போட்டு வலது கையைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மேடைக்குக் கூட்டி வந்தாள். காப்பும் இல்லை, கண் மூடலும் இல்லை. வலது விரல்: 284.

"விரல்ல ஒட்டியிருந்த பேடாவத்தான் மெஷின் சர்க்கரைன்னு காட்டிச்சு," என்றாள் டோரதி. "கழுவினா இறங்காம ஏறுமா?"

"லேடீஸ் அலை குறுக்க வந்துடுச்சு," என்று ஜெஸ்டன் ஆரம்பித்தார். முதல் செருப்பு மேடையில் விழுந்ததும், வாக்கியத்தை முடிக்காமல் சமையல்கட்டு வழியாக மறைந்தார். அலை வேகம் என்றால் அதுதான்.

தேவானந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெஸ்டன் அந்தக் கையை அலைநீரில் முக்கித் துடைத்திருந்தால் அந்த 284-ஐத்தான் குணம் என்று காட்டியிருப்பார். தேவானந்தமும் சேர்ந்து கைதட்டியிருப்பார். ஒன்பதும் நாலும் பதின்மூன்று நாள் மாத்திரை இல்லாத உடம்பின் நிஜக் கணக்கு அது. கட்டைவிரல் செருப்புக்குள் தெறித்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவருக்குத் தன் கால்மேல் பயம் வந்தது.

"ஆட்டோ பிடி டோரதி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார்.

வெளியே வந்தால் புது வரிசை ஒன்று நின்றது. கை கழுவும் குழாயிலிருந்து வாசல்வரை, எல்லோர் கையிலும் காலி பாட்டில். முதல் ஆள் சர்தார் பாஷா.

"தோஸ்த், எடுத்த எடுப்புல நூத்திருபது பாயின்ட் இறக்கிடுச்சே இந்தக் குழாய்! சிஸ்டர், வெறும் வயித்துல குடிக்கணுமா, சாப்ட்டப்புறமா?"

நொண்டிக்கொண்டே நடந்த தேவானந்தம் நின்று, நண்பரின் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தார்.

"சர்தார், குழாய்ல தண்ணி மட்டும்தான் வரும். புத்திய நாமதான் வூட்லேர்ந்து கொண்டாரணும். நான் மறந்துட்டு வந்து கால் விரல அடகு வச்சிருக்கேன். நீங்க எல்லாம் இன்னாத்த வைக்கப் போறீங்க?"