சகலை வீட்டுக்குப் போக மறுத்த வண்டி

உயிரே போனாலும் சகலை சிவநாதன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று நான் முடிவெடுத்து இரண்டு வருடம் ஆகிறது. எடுத்த முடிவை மாற்றுகிற ஆள் நான் இல்லை. என் முடிவுகளை மாற்றுவதெல்லாம் என் மனைவி திரிபுரசுந்தரிதான்.

சகலை என்றால் சுந்தரியின் தங்கை பங்கஜவல்லியின் புருஷன். குரும்பகரத்தில் இருக்கிறான். லோடு அடிக்கிற குட்டியானை வண்டி வைத்திருக்கிறான்.

அவன் செய்தது சின்னக் குற்றம் இல்லை. புது வீடு கட்டிக் குடிபோனபோது ஊர் முழுக்கத் தட்டோடு போய் அழைத்தான். எனக்கு மட்டும் வாட்ஸப்பில் அழைப்பு. அதுவும் என் போனுக்கு இல்லை. என்னுடையது பட்டன் போன். சுந்தரியின் போனுக்கு வந்தது. 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தது. நான் என்ன அனைவரா? மூத்த சகலை ஐயா நான்! அதே அழைப்பு எங்கள் பால்காரருக்கும் வந்திருந்தது. அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "பாயசம் பிரமாதங்க" என்று என்னிடமே சொன்னார். அன்றிலிருந்து பால்காரரோடும் பேச்சு கிடையாது. பால் வாங்குகிறேன். பேசுவதில்லை.

சிவநாதன் அவனாக வரவேண்டும். வண்டி கொண்டு வரவேண்டும். வாய் திறந்து 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். அதுவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. இதைச் சுந்தரியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவள் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

போன வாரம் பங்கஜவல்லி வந்தாள். அவள் மகள் சிவப்ரியாவுக்கு வளைகாப்பு. வெற்றிலை பாக்கு வைத்து, "அத்தான், நீங்களும் அக்காவும் கண்டிப்பா வந்துடணும்" என்று அழைத்தாள். அவள் புருஷன்? தெருவில் குட்டியானைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. ஒரு தடவை ஹாரன் அடித்தான். ஹாரன் ஓர் அழைப்பா?

"நான் வரல சுந்தரி."

"நீங்க வராம நான் மட்டும் போனா, பெரியப்பா எங்கன்னு சபையில கேப்பாங்க. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நேத்து ராத்திரி எட்டு இட்லி சாப்பிட்ட ஆளுக்கு என்ன உடம்புன்னு சொல்றது? பெரியம்மா கைதான் முதல்ல வளையல் போடணும். பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். ரெண்டு பேரும் வண்டியில போறோம்."

முடியாது என்று நேராகச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் எனக்கு இல்லை. ஆகவே யோசித்தேன். வண்டியைப் பார்த்தேன். வழி பிறந்தது.

எங்கள் வண்டி பேட்டரி வண்டி. நாகூர்க்காரனும் தரங்கம்பாடிக்காரனும் எல்லை தாண்டி வந்து எங்கள் காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறான், இங்கே விலை குறைவு என்று. நான் இந்தக் காரைக்கால் நெரவியிலேயே பிறந்து, பெட்ரோலே குடிக்காத வண்டியை வாங்கினேன். காரணம், இதற்கு லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன். அது ஆறு மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த ஆபீஸ் இருக்கிற தெரு வழியாக இப்போதும் நான் போவதில்லை.

வண்டியில் இரண்டு குறை. ஒன்று, சத்தமே கிடையாது. பழைய மொபெட் போட்ட சத்தத்துக்குள் நான் நிம்மதியாக இருந்தேன். சுந்தரி பின்னால் உட்கார்ந்து என்ன சொன்னாலும், "ஆங்?" என்றால் போதும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிறது. இன்னொன்று கண்ணாடி. அது பின்னால் வருகிற லாரியைப் பார்க்க என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் வண்டியில் அது பின்னால் இருக்கிறவள் என் முகத்தைப் பார்க்க. அவளே திருகி வைத்துக்கொள்வாள்.

என் திட்டம் இதுதான். முதல் நாளே சார்ஜைக் காலி பண்ணிவிட வேண்டும். மறுநாள் பாதி வழியில் வண்டி படுத்துவிடும். பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறுவதற்குள் நல்ல நேரம் போய்விடும். அவளே, "வாங்க திரும்பிடலாம்" என்பாள். பழி பேட்டரி மேல்.

காலி பண்ணுவது சுலபமாக இல்லை. நம்ம ஊரோ தட்டையான ஊர். வண்டி சார்ஜே தின்னாமல் ஓடுகிறது. மேடு என்று ஒன்று இருந்தால் அது அரசலாற்றுப் பாலம்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனேன். ஏறினேன், இறங்கினேன், திரும்பினேன், மறுபடி ஏறினேன். ஏறும்போது முழுசாக முறுக்கினேன். பாலத்து முனையில் கூடை வைத்திருந்த மீன்காரி காசியம்மா என் தலை போகிற பக்கமெல்லாம் தன் தலையைத் திருப்பினாள். கடைசியில் அவளால் முடியவில்லை.

"என்னங்க அண்ணே, வேண்டுதலா?"

"பிரேக்கைச் சோதிக்கிறேன்."

"பிரேக்கை இறங்குறப்பதான சோதிப்பாங்க? நீங்க ஏறுறப்பதான் பல்லைக் கடிக்கிறீங்க!"

மறுபடியும் பாலம் ஏறினேன். பொழுது சாயும்போது, சார்ஜ் காட்டுகிற கட்டங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வீட்டுக்கு வந்து, சுந்தரி பார்க்கும்படி பிளக்கைச் சொருகினேன். சுவிட்சைப் போடவில்லை. சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து சாவியைத் திருகினேன். எல்லாக் கட்டமும் எரிந்தது. ஃபுல் சார்ஜ்.

சுவிட்சைப் போட்டது யார்? இதை யாரிடம் கேட்பது? கேட்டால், போடாதது யார் என்று பதிலுக்குக் கேள்வி வரும். ஏறி உட்கார்ந்தேன். சுந்தரி பட்டுப் புடவையில், மடியில் வளையல் பையோடு ஏறினாள். கண்ணாடியைத் திருகினாள்.

"டயர்ல காத்து அமுக்கிப் பாத்தேங்க. கல்லு மாதிரி இருக்கு."

"ரொம்ப நல்லது" என்றேன்.

டவுனைத் தாண்டி, நெடுங்காடு போகிற ரோட்டைப் பிடித்தோம். வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ரோட்டில் ஆணி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தேவைப்படும்போது ஒரு ஆணி கிடைக்காது.

"என்னங்க, ஏன் பள்ளமாப் பாத்து விடுறீங்க?"

"ரோடு அப்படி."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. அங்க பூக்கடை தெரியுதே, நிறுத்துங்க."

நிறுத்தினேன். நாலு முழம் மல்லிகை வாங்கினாள். "இறங்குங்க, சீட்டைத் தூக்கணும். மடியில வச்சா வாடிடும்" என்றாள். இறங்கி நின்றேன். சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியில் பூவை வைத்தாள். இப்படித் தள்ளி, அப்படித் தள்ளி, பதமாக வைத்தாள். மூடினாள். ஏறினோம். முறுக்கினேன்.

ஒன்றும் இல்லை. கட்டமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஹாரனை அமுக்கினேன். அதுவும் இல்லை.

"என்னங்க?"

"போச்சு."

"என்ன போச்சு?"

"உயிர்."

"யாருக்கு?"

"வண்டிக்கு. ஐயோ, இப்படியா ஆகணும்!"

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

கண்ணாடி! "சிரிக்கலையே. வெயில் கண்ணுல அடிக்குது" என்றேன். மனசுக்குள் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் மானத்துக்காக முழுச் சார்ஜோடு உயிரை விட்ட வண்டி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

"இங்க டவர் இல்ல" என்று சொல்லிவிட்டு, சுந்தரி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து புங்கமரத்து நிழலில் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பையைப் பிரித்து, வளையல் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"சிவப்ரியா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில முதல்ல என் கையிலதான் குடுத்தாங்க" என்றாள். "பங்கஜம் மயக்கத்துல கெடந்தா."

நான் மணியைப் பார்த்தேன். பத்தாகப் போகிறது.

"பரவாயில்ல விடுங்க. வேற யாராவது போடட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னொரு முறை முறுக்கினேன். சக்கரத்தை உதைத்தேன். செத்துத் தொலைந்ததே, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சாகக் கூடாதா என்று வண்டியை வைதேன். அப்புறம் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன்.

"எங்க தள்றீங்க? நெரவி அந்தப் பக்கம்."

"தெரியும். வா. வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுறேன். நான் வெளியிலயே நின்னுக்கிறேன்."

சுந்தரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்த பார்வை அது. "மெதுவாங்க, மூச்சு வாங்குது பாருங்க" என்று பின்னாலிருந்து அவளும் கை கொடுத்தாள். பேட்டரி வண்டியின் கனம் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு வயல் நீளம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எதிரே ஹாரன் சத்தம். குட்டியானை வந்து நின்றது. சிவநாதன் இறங்கினான்.

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

"வண்டிக்கு என்னவாம்?" என்று அவன் வயலைப் பார்த்துக் கேட்டான்.

"நின்னுபோச்சாம்" என்று நான் வாய்க்காலுக்குப் பதில் சொன்னேன்.

பிறகு அவன் தொண்டையைச் செருமினான். "வாங்க சகலை" என்றான். "நான்தான் வந்துட்டேன்ல. ஏறுங்க."

அவனாக வந்தான். வண்டியோடு வந்தான். வாய் திறந்து கூப்பிட்டான். ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. சுந்தரி முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால் ஏற்றிய எங்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். உற்சவமூர்த்தி மாதிரி குரும்பகரத்துக்குள் போனேன்.

நல்ல நேரத்துக்குள் சேர்ந்துவிட்டோம். முதல் வளையலைச் சுந்தரிதான் போட்டாள். சிவப்ரியா சிரித்தாள், அக்காவும் தங்கையும் அழுதார்கள். பந்தியில் சகலை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எலுமிச்சை சாதம் வைங்க, மூத்த சகலைக்கு இன்னும் வைங்க" என்று சத்தம் போட்டான். பாயசம் மூன்று முறை வாங்கினேன். பால்காரரோடு பேச வேண்டியிருக்கும் போலிருந்தது.

புறப்படும்போது, தாம்பூலப் பை எடுக்கச் சகலை உள்ளே போனான். நான் சுந்தரியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பாத்தியா? அவனே வந்து கூப்பிட்டான். நான் ஒரு அங்குலம் இறங்கல."

"ஆமாங்க" என்றாள். வண்டியின் சீட்டைத் தூக்கினாள். உள்ளே கையை விட்டாள். டக் என்று ஒரு சத்தம். சாவியைத் திருகினாள். எல்லாக் கட்டமும் எரிந்தது.

"சுந்தரி! இது செத்துப்போகலையா?"

"அது ஏன் சாகணும்? உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. கழுவுறப்ப அணைச்சு வைக்கணும்னு வாங்கின அன்னிக்கே கடைக்காரர் காட்டினார். நீங்க அப்ப ஹாரன் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"அப்ப என்னை வெயில்ல தள்ள விட்டது?"

"நேத்து பாலத்துல நீங்களா ஏறி ஏறி இறங்கலையா? காசியம்மா மீனோட சேதியும் குடுத்துட்டுத்தான் போனா."

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது, மனசும் லேசாக இருந்தது. என்ன இருந்தாலும் கூப்பிட்டது அவன்தானே, அந்த மட்டில் நான் ஜெயித்தேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

சிவநாதன் பையோடு வந்தான். என் தோளில் கை போட்டான். ஊர்க்காரர்கள் நாலு பேர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"சகலை, இனிமே ஒரு உதவின்னா கூச்சப்படாம என்கிட்டயே கேளுங்க. 'சிவநாதனை வரச் சொல்லு, அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னு நடுரோட்டுல நின்னு அழுதீங்களாமே? அண்ணி போன்ல சொன்னாங்கன்னு பங்கஜம் வந்து சொன்னதும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நீங்களாக் கூப்பிடுற வரைக்கும் பேசுறதில்லைன்னு நானும் ஒரு வைராக்கியத்துல இருந்தேன். அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். வாசலில் நின்ற பங்கஜவல்லி அவசரமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியில் சுந்தரி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"ஆமா சகலை" என்றேன். "கொஞ்சம் அழுதுட்டேன்."