சுகந்தியின் பாரத்தை நான் நிரப்பிய லட்சணம்

பாளையம்பட்டி,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ரத்தினம் அவர்களுக்கு, பால்ச்சாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் யோக்கியமாக இருக்கிறார்கள். அங்கு தங்கள் சுகமும், சம்பந்தியம்மாவின் முட்டுவலியும், ஆட்டுக்குட்டிகளும் எப்படி என்று அறிய ஆவல்.

போன்ல சொல்லாம இதென்ன கடுதாசின்னு நினைப்பீக. போன்னா பாதியில வச்சிருவீக. கடுதாசியைக் கிழிக்கணும்னாலும் ஒரு தடவை வாசிச்சுட்டுத்தானே கிழிக்கணும். நரிக்குடி பஸ்ஸு கண்டக்டர் சோணைமுத்து கையில குடுத்து விடுறேன்.

விஷயம், எம்மக சுகந்தி வயித்துப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமான்னு ரத்தத்துல பாத்த அந்த நம்பரு. நூத்தி எண்பது பிள்ளையில ஒண்ணுக்கு இருக்கலாம்னு வந்ததும், ஊசி போட்டு வயித்துத் தண்ணி எடுத்துப் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னதும், "எங்க வம்சத்துல இப்படி யாரும் கெடயாது"ன்னு சம்பந்தியம்மா போன்ல சொன்னதும், எம்மக ரெண்டு நாளா சோறு இறங்காமக் கிடந்ததும் தங்களுக்குத் தெரியும். காரணம் உங்க வம்சமும் இல்ல, எங்க வம்சமும் இல்ல. நான் பிடிச்ச பேனா.

அவ ரத்தம் குடுக்க உள்ள போன நேரம், மதுரை லேப்புல அவ விவரம் எழுதுற பாரத்தை என்கிட்ட நீட்டுனாக. ஒன்பதாங்கிளாஸ் படிச்சவன் சும்மா இருப்பனா? எடை கேட்டிருந்துச்சு. கல்யாணத்துக்கு உங்களுக்குக் குடுத்த பயோடேட்டாவுல உள்ள நாப்பத்தஞ்சு கிலோவையே எழுதுனேன். இப்ப அறுபத்திரண்டாம். அடுத்து, என்ன இனம்னு இங்கிலீசுல நாலஞ்சு கட்டம். முதல் கட்டம் நமக்குத்தான் இருக்கும்னு டிக் அடிச்சேன். அது வெள்ளைக்காரவுக கட்டம்.

"ஐயா, சுகந்தி எப்பய்யா லண்டன்ல பொறந்தா?"ன்னு, ஊசி போடப் போனப்ப அந்தப் பாரத்தைப் பாத்துட்டு டாக்டரம்மா கேட்டாக. ரத்தத்துல உள்ளதை அவளைப் போல வயசும் எடையும் இனமும் உள்ள பொம்பளைகளோட வச்சுத்தான் கூடுதலா குறைச்சலான்னு பாப்பாகளாம். உடம்பு கூடுனா ரத்தத்துல உள்ளது நீர்த்துக் குறைச்சலாத் தெரியுமாம், கண்மாயில தண்ணி ஏறுனாப் போல. வெள்ளைக்காரிக்கு உள்ள அளவு நம்ம பிள்ளைக்கு ஆகாதாம். ஒரே ரத்தம்தான் சம்பந்தி, யாரு பக்கத்துல நிறுத்துறோமோ அதுக்குத் தக்கன நம்பரு மாறுது. "நம்ம பக்கத்துப் பொம்பளைக எத்தனை பேரு ரத்தத்தைப் பாத்து அந்த அளவைப் போட்டாக?"ன்னு கேட்டேன். "நல்ல கேள்விய்யா"ன்னாக. பேனாவை எடுத்துப் பாரத்தைத் திருத்துனாக.

திருத்திப் போட்டதுல அறுநூத்தி இருபதுல ஒண்ணுன்னு வந்துருச்சு. ஊசியும் வேண்டாம்னுட்டாக. நேத்து சுகந்தி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஆகவே தாங்கள் நிம்மதியாக இருக்கவும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், வம்சத்துக்கு என் மன்னிப்பும்.

இப்படிக்கு,
பால்ச்சாமி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை சுகந்தி வாங்கி வாசிச்சா. "யப்பா, வயசு என்ன எழுதுன?"ன்னா. "ஆதார்ல உள்ளதுதான் தாயி, முப்பத்திரண்டு." தலையில அடிச்சுக்கிட்டா. சம்பந்தி, அவளுக்கு முப்பத்தஞ்சு. பள்ளிக்கூடத்துல லேட்டாச் சேத்தேன். வாத்தியார் வைவாருன்னு எட்டு வயசை அஞ்சுன்னு சொன்னேன். நீங்க பொண்ணு கேட்டு வந்தப்பவும் அதே கணக்கைத்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஒரு வயசு மூத்தவ. அவருகிட்ட இவ அப்பவே சொல்லிட்டாளாம்; தெரியாதது உங்க ரெண்டு பேருக்குந்தான். இந்தச் சோதனையில வயசுதான் பெரிய ஆளாம்; தாய்க்கு வயசு கூடக்கூடப் பயமும் கூடுமாம். "அறுநூத்தி இருபது நல்லாத்தானம்மா இருக்கு, விட்ரு"ன்னேன். "எந்த நம்பர் வந்தாலும் எம்பிள்ளைய நான் வளப்பேம்ப்பா. பொய் வயசுக்கு வந்த நம்பரு எனக்கு வேணாம்"னுட்டா. வியாழக்கிழமை மறுபடி மதுரை போறோம். வையணும்னா புதன்கிழமையே வந்து வஞ்சுட்டு, எங்ககூட வாங்க. பாரத்தை அவளே எழுதுவாளாம். பெரியவுக நம்ம ரெண்டு பேரும் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கணுமாம்.