கைரேகைக் கருவியை எழுப்புவது யார்

கல்யாணப் பதிவு அலுவலகங்களுக்குக் கைரேகைக் கருவி வாங்குவது என்று மேலிடம் முடிவு செய்தது; கருவிகளும் வந்து சேர்ந்தன. வெறுமனே கரண்ட் கொடுத்தால் அவை வேலை செய்துவிடாது. யாராவது தட்டி எழுப்பி, பழைய ரேகையைத் துடைத்து, நேரம் என்ன என்று சொல்லி உட்கார வைக்க வேண்டும்.

கணினித் துறையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. கம்ப்யூட்டர் முழுவதையும் கட்டி மேய்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரு பிரிவு எழுதியது. அந்தந்தக் கருவியோடு பேசும் டிரைவர் என்ற நிரலை இன்னொரு பிரிவு எழுதியது. பெயரைப் பார்த்துவிட்டு நிர்வாகம் டிரைவர் பிரிவிடம் ஆண்டுதோறும் கண்பார்வைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தது.

பிரிவுத் தலைவர்களான சிஸ்டம் சாருக்கும் டிரைவர் மேடத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். ஆனால் அலுவல் விஷயம் கடிதத்தில்தான். "எழுப்புதல் தங்கள் பிரிவின் மேலான கடமை" என்று சார் எழுதுவார். "அப்பெருமை தங்களையே சாரும்" என்று மேடம் பணிவோடு திருப்பி அனுப்புவார். தடுப்பைத் தாண்டக் கடிதத்துக்கு எட்டு நாள் ஆகும். அதுவரை பொழுது போகாமல் பேசிப் பேசியே இருவருக்கும் காதல் வந்துவிட்டது.

இதைத் தீர்க்கத் துறை இயக்குநர் ஒரு குழு அமைத்தார். ஒற்றுமை கருதி இருவருமே எழுப்பட்டும் என்றது குழு. சிஸ்டம் எழுப்பியதும் டிரைவர் தன் கடமைப்படி துடைத்துப் புதிதாக எழுப்பியது. அடடா, வெறுமையாகக் கிடக்கிறதே என்று சிஸ்டம் மறுபடி எழுப்பியது. கருவி கண்ணில் தூசி விழுந்தவர்போல் நாள் முழுக்கச் சிமிட்டியது. உடனே திருத்திய ஆணை: மற்றவர் முடித்துவிட்டதை உறுதி செய்த பிறகே ஒருவர் தொடங்க வேண்டும். அதன்பின் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க, கருவி நிம்மதியாகத் தூங்கியது. பணி இனிதே நிறைவுற்றதாக அறிக்கை எழுதி, கருவிகளை எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் சாரும் மேடமும் தங்கள் கல்யாணத்தைப் பதியப் போனார்கள். மேடத்தின் அம்மா, சாரின் அக்கா, சாட்சிக் கையெழுத்துக்கு இயக்குநர். அங்கே நாற்பது ஜோடிகள் மூன்று வாரமாகத் தினமும் வந்து நின்றுகொண்டிருந்தன. ரேகை இல்லாமல் கல்யாணம் இல்லை என்பது விதி.

"யாரோ ரெண்டு அதிகாரிங்களாம். அவங்க ஒத்துப்போனாத்தான் இது முழிக்குமாம்," என்றார் கிளார்க்.

"எவன் எவளோ, நல்லா இருப்பாங்களா அவங்க?" என்றார் அம்மா.

மேடம் தரையைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார். பிறகு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் பேசி ஒரு தாளில் எழுதி முடித்தார்கள். கரண்ட் கொடுத்து, முறைப்படி கூப்பிடுவது சிஸ்டம். எழுப்புவதும் துடைப்பதும் டிரைவர். அந்தக் கருவியின் குணம் டிரைவருக்குத்தானே தெரியும்.

"இவ்வளவுதானா? இதை அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார் சார்.

"நீங்க கடிதத்துல கேட்டீங்க. நேர்ல எப்படிச் சொல்றது?"

இயக்குநர் படித்துவிட்டு மெச்சினார். "இப்பவே கையெழுத்துப் போடுவேன். ஆனா பொதுமக்கள்கிட்டேர்ந்து ஒரு புகார்கூட வரலையே. வராத புகாருக்கு நடவடிக்கை எடுக்க விதியில்ல."

புகார் எழுதச் சொல்லி மேடம் ஒரு வெள்ளைத்தாளை வரிசையில் முதலில் நின்றவரிடம் நீட்டினார். பின்னால் இருப்பவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைத்ததாகச் சொல்லி அவர் பின்னால் கொடுத்தார். கடைசி ஜோடி, மூத்தவர்கள் முன்னால் இருக்கும்போது நாங்கள் எப்படி என்று திருப்பி அனுப்பியது. சாரும் மேடமும் எழுத முடியாது. ஊழியர் தன் துறையைக் குறை சொல்லக் கூடாது.

"நீயாவது எழுதேம்மா," என்றார் மேடம்.

"நாம பொண்ணு வீடு. அவங்க ஆரம்பிக்காம நாம கைவெச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் அம்மா.

"பொண்ணு வீட்டுக்காரங்க இருக்கும்போது நாங்க முந்திக்கலாமா?" என்றார் அக்கா.

ஐந்து மணிக்குக் கிளார்க் கதவைச் சாத்தினார். நாற்பத்தோரு ஜோடிகளும் நாளைக்கு யாராவது எழுதிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டே படியிறங்கின.